ஏழாம் பக்கம்

கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்து, குடைக் கம்பியால் துழாவிக்கொண்டிருந்தாள் அவள். ஒற்றைச் செருப்பு ஒன்று வந்தது. முனை மழுங்கிய பென்சில் வந்தது. போன வருஷம் காணாமல்போய் வீட்டையே இரண்டாக்கிய மூக்குக்கண்ணாடிக் கூடுகூட வந்தது. தேடிய காகிதம் மட்டும் வரவில்லை.

"அண்ணி! என்ன கோலம் இது? கூடத்துல அத்தனை பேர் உக்காந்திருக்காங்க, நீங்க இங்க கட்டிலுக்கு அடியில கிடக்கறீங்க."

அறை வாசலில் நாத்தனார் நின்றிருந்தாள். அன்று காலை செத்துப்போன அவள் புருஷனின் ஒரே தங்கை. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"ஒரு காகிதத்தைக் காணோம்."

"இப்ப எதுக்குக் காகிதம்?"

"அவர் படிச்சிட்டிருந்தது. ஏழாம் பக்கம் மட்டும் இல்ல."

நாத்தனார் திரும்பிப் போனாள். கூடத்தில் யாரிடமோ, "அண்ணிக்கு இன்னும் உறைக்கல" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். அந்தக் குடும்பத்தில் தாழ்ந்த குரல் என்றால் இரண்டு வீடு தள்ளிக் கேட்கும்.

உறைக்காமல் என்ன? உறைத்ததால்தான் தேடினாள். எழுந்து, முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, மேசைமேல் இருந்த காகிதங்களை நாலாவது தடவையாக அடுக்கினாள். ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது. எப்படி அடுக்கினாலும் ஆறுக்கு அப்புறம் எட்டுதான் வந்தது.

அவர் வானொலி நாடக நடிகர். முப்பத்தெட்டு வருஷம். அது முகம் இல்லாத புகழ். கடையில் வரிசையில் நின்றால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. "அரைக் கிலோ சர்க்கரை" என்று வாயைத் திறந்தால் போதும், முன்னால் நிற்பவர் சட்டென்று திரும்பி, "நீங்க அந்த நாடகத்துல வர்ற வக்கீல் இல்ல?" என்பார். ஐம்பது வயதில் கல்லூரி மாணவனாகக் காதலித்தார். மேல்வரிசைப் பல் போன பிறகும் காதலித்தார். கட்டிய பல்லுக்கு ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டால் 'ச' சுத்தமாக வரும் என்பார். விஷம் குடித்து, குண்டடி பட்டு, ஆற்றில் மூழ்கி என்று எத்தனை தடவை செத்தார் என்பதற்குக் கணக்கே கிடையாது. ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் மாதத்துக்கு ஒரு நாடகம் வந்துகொண்டுதான் இருந்தது.

பிரதி கையில் வந்ததும் முதல் வேலையாகப் பின்னைப் பிடுங்கிப் போடுவார். பக்கத்தைப் புரட்டினால் மைக் அந்தச் சரசரப்பைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், படித்து முடித்த தாளை அப்படியே கைநழுவித் தரையில் விழ விடுவார். வீட்டில் மைக் ஏது? இருந்தாலும் வழக்கம் விடவில்லை. ஒத்திகை முடிந்து கதவைத் திறந்தால் அறை முழுக்கக் காகிதம் கிடக்கும். முதல் வாசிப்பிலேயே, மூச்சு எடுக்கவேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு சாய்ந்த கோடு போட்டுக்கொண்டே போவார். விழுந்த தாள்களைப் பொறுக்கி அடுக்குவது அவள் வேலை. நாற்பத்தொரு வருஷமாகப் பொறுக்கியிருக்கிறாள்.

இன்றைக்குத்தான் பொறுக்கவில்லை. யார் யாரோ வந்து, யார் யாரோ குனிந்து, காகிதங்கள் மேசைக்குப் போய்விட்டன.

கல்யாணமான புதிதில், இதே மாதிரி ஒரு காலை, உள்ளேயிருந்து "ஐயோ, குத்திட்டான்!" என்று அலறல் கேட்டு, அவள் கரண்டியோடு ஓட, மாடிவீட்டுக்காரர் கடப்பாரையோடு ஓடிவந்தார். ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த புருஷன் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "கதவு சாத்தியிருந்தா, உள்ள என்ன சத்தம் கேட்டாலும் வராதே. நிஜமாவே நீ வேணும்னா நான் 'இந்தா'ன்னு கூப்பிடுவேன். அது எந்த நாடகத்துலயும் வராது." அன்றிலிருந்து அதுதான் சட்டம். 'இந்தா, தண்ணி.' 'இந்தா, சட்டையில பொத்தான் போச்சு.' 'இந்தா' இல்லாத எதுவும் அவளுக்கு இல்லை.

இன்று காலை ஒன்பதரை மணிக்கு அவள் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். சாத்திய கதவுக்குப் பின்னால் அவர் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர்களையெல்லாம் ஒரு சாக்குச் சொல்லித் துரத்துகிற சிடுசிடு வீட்டுக்காரர் வேஷம் என்று முந்தின நாள் சொல்லியிருந்தார். நடிக்கவே வேண்டாம், அப்படியே போய் நின்றால் போதும் என்று அவள் கேலி செய்திருந்தாள். கொஞ்ச நேரம் விரட்டல் கேட்டது. அப்புறம் சத்தமில்லை. அப்புறம் அவர் குரல், ஆனால் வேறொரு குரல், மெல்ல வந்தது.

"இங்க வாயேன்... கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காரேன்."

கத்தியை நிறுத்தி அவள் கேட்டாள். நடுக்கம் அளவாக இருந்தது. ஏக்கம் இருந்தது. வீட்டுக்காரர் கடைசியில் பெண்டாட்டியிடம் கரைகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் 'உக்காரேன்' பாதியில் அமுங்கிவிட்டது. அவருடைய முதல் ரசிகையும் முதல் குறைகாரியும் அவள்தான். எப்போதும்போல இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்:

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கடைசி வார்த்தையை முழுங்காதீங்க!"

மிச்சம் எட்டுக் கிழங்கையும் சீவி, வேகப்போட்டு, தேநீர் கலந்து எடுத்துக்கொண்டு பத்து மணிக்குக் கதவைத் தள்ளினாள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் தரையில் காகிதம்.

கீழே கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஓடிவந்து பார்த்துவிட்டு, இதயம் என்றார். "ஏதாவது சொன்னாரா? கூப்பிட்டாரா?" என்று கேட்டார்.

"இல்ல" என்று சொல்லிவிட்டாள்.

அந்த 'இல்ல' உண்மையா பொய்யா என்று இப்போது அவளுக்கே தெரியவில்லை. அந்த வரி நாடகத்தில் இருந்தால் அவள் பிழைத்தாள். வழக்கம்போல ஒத்திகை பார்த்தார், ஒத்திகையோடு போய்ச் சேர்ந்தார், அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. நாடகத்தில் இல்லையென்றால், உயிர் போகிற நேரத்தில் கூப்பிட்ட புருஷனிடம் உச்சரிப்பைத் திருத்தியவள் அவள்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் மனசு அதற்குள் இன்னொரு பக்கமும் இழுத்தது. நாற்பத்தொரு வருஷத்தில் அவர் அவளிடம் அந்தக் குரலில் பேசியதே இல்லை. வானொலியில் எத்தனை பெண்களிடம் குழைந்திருக்கிறார்! வீட்டுக்குள் வரும்போது அந்தக் குரலை ரேடியோ ஸ்டேஷனிலேயே பூட்டிவிட்டு வந்துவிடுவார். ஒருநாள் அவள் வெட்கத்தை விட்டுக் கேட்டும்விட்டாள்: "அந்த மாதிரி ஒரு தடவை என்கிட்ட பேசினா வாயில முத்தா உதிர்ந்துடும்?" அவர் செய்தித்தாளை இறக்காமலே, "பேசலாம். எழுதிக் குடுக்க ஆள் வேணுமே" என்றார். அவளும் சிரித்துவிட்டாள். அன்றைக்கு இராத்திரி சிரிப்பு வரவில்லை.

ஆக, எழுதியிருந்தால் குற்றம் போகும். அந்தக் குரலும் போகும், யாரோ ஒரு நாடகப் பெண்டாட்டிக்கு. எழுதவில்லையென்றால் இரண்டும் அவளுக்கே. எது வேண்டும் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. தெரிந்தாகவேண்டும், அவ்வளவுதான்.

காகிதங்களை மறுபடி எடுத்தாள். ஒன்றிலிருந்து ஆறுவரை பென்சில் கோடுகள் இருந்தன. எட்டிலிருந்து கடைசிவரை ஒரு கோடுகூட இல்லை. அதையெல்லாம் ஒரு வரி விடாமல் படித்துப் பார்த்துவிட்டாள். அந்த வாசகம் எதிலும் இல்லை. ஆறாம் பக்கத்தின் கடைசி வரி இது:

'மனைவி: (உள்ளிருந்து) வந்தவங்களை உக்காரச் சொன்னீங்களா?'

உக்கார! அந்த வார்த்தையில் அவள் விரல் நின்றது. அடுத்த பக்கத்தில் இருக்கத்தான் வேண்டும்.

கூடத்தில் புதிதாக ஒரு செருமல் கேட்டது. ஆளைப் பார்க்காமலே தெரிந்தது, 'கதவு' வந்திருக்கிறார். ஸ்டேஷனில் ஒலி விளைவுகள் பார்த்தவர். நாலு கதவுகளைச் சட்டத்தில் மாட்டி வைத்துக்கொண்டு, வருவது மருமகனா கடன்காரனா என்று கிரீச்சிலேயே காட்டிவிடுவார். பெயர் அதிலேயே நிலைத்துப்போயிற்று. அவர் வீட்டுப் பிள்ளைகள்கூட வெளியில் 'கதவு பையன்', 'கதவு பொண்ணு'தான்.

வெள்ளைத் துணி போர்த்திப் படுக்கவைத்திருந்தவரைப் பார்த்து நின்றார் கதவு. "எத்தனை தடவை செத்திருப்பான் என் முன்னால" என்றார் கரகரத்த குரலில். "ஒவ்வொரு தடவையும் பதிவு விளக்கு அணைஞ்சதும் எந்திரிச்சு, 'டீ சொல்லுய்யா'ம்பான்."

இரண்டு பேர் சிரித்து, உடனே தலை குனிந்தார்கள். அவள் நேரே அவரிடம் போனாள்.

"அண்ணே, இந்த வாடகை வீட்டு நாடகத்துக்கும் சத்தம் நீங்கதானே?"

"ஆமா தங்கச்சி. வியாழக்கிழமை பதிவு. அதெல்லாம் இப்ப எதுக்கு..."

"ஏழாம் பக்கத்துல என்ன வருது?"

கூடமே அவளைப் பார்த்தது. நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். கதவு மட்டும் அதை விபரீதமாக எடுத்துக்கொள்ளவில்லை. தொழில்காரர் தொழில் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவர். கண்ணை மூடி யோசித்தார்.

"எனக்கு வசனம் தெரியாதும்மா. வெறும் சத்தப் பட்டியல்தான் குடுத்தாங்க. அஞ்சுல அழைப்பு மணி. ஆறுல பாத்திரம். ஏழுல... நாற்காலி. நாற்காலி இழுத்துப் போடுற சத்தம்."

நாற்காலி. பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிற நாற்காலி. நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று நெஞ்சுக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

"அந்தப் பக்கம் எங்க போச்சுன்னு யாருக்காவது தெரியுமா?" என்று பொதுவாகக் கேட்டாள்.

"ஒரு காகிதத்துக்கு இந்தப் பாடா?" என்று நாத்தனார் எழுந்தே விட்டாள். "அண்ணன் கையில இருந்ததையா தேடறீங்க? டாக்டர் எழுத ஒண்ணும் இல்லாம அதைத்தானே வாங்கி, பின்னாடி உயிர் போன நேரம் எழுதிக் குடுத்தார். உங்க பையன் இறப்புப் பதிவு ஆபீசுக்கு எடுத்துட்டுப் போனானே!"

கையில் இருந்தது. தரையில் விழாதது. அப்படியென்றால் படித்து முடிக்காதது.

அவள் அறைக்குள் போய் மகனுக்குப் போன் அடித்தாள். மூன்றாவது தடவை எடுத்தான். பின்னால் ஒரே இரைச்சல்.

"என்னம்மா? நான் வரிசையில நிக்கறேன்."

"டாக்டர் குடுத்த காகிதம் கையில இருக்கா?"

"இருக்கும்மா. ஒன்பது நாற்பத்தஞ்சு, அதுக்கு முன்ன பின்னன்னு எழுதியிருக்கார்."

"அதைத் திருப்பு. அந்தப் பக்கம் என்ன போட்டிருக்கு, படி."

"அந்தப் பக்கமா? அது ஏதோ நாடகம்மா."

"அதைத்தான்டா கேக்கறேன், படி!"

"அம்மா, ப்ளீஸ். என் முறை வந்துடுச்சு. குடுக்கணும்."

"குடுக்காதே! குடுத்துட்டு வந்துடாதே!"

"அவங்க ஃபைல்ல வச்சுக்குவாங்கம்மா..." என்பதோடு போன் போய்விட்டது. மறுபடி அடித்தாள். அணைத்து வைத்திருந்தான்.

அதற்கப்புறம் அவளுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கூடத்துக்கும் அறைக்கும் நடந்தாள். அறைக்கும் சமையலறைக்கும் நடந்தாள். அடுப்பில் எட்டுக் கிழங்கும் தண்ணீரில் வெந்து, தோலில்லாமல், ஆறிக்கிடந்தன. கொட்டப் போய், கொட்டாமல் மூடி வைத்தாள். வந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, தூங்குவதுபோல் போய்விட்டார், கொடுத்துவைத்தவர் என்றார்கள். அவள் எல்லோருக்கும் தலையாட்டினாள். யாராவது பக்கத்தில் உட்காரச் சொன்னால் மட்டும் கையை உருவிக்கொண்டு நகர்ந்தாள். காலையிலிருந்து அவர் பக்கத்தில் அவள் ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை. அதை நாத்தனாரும் கவனித்திருந்தாள், மற்றவர்களும் கவனித்திருந்தார்கள்.

யாரிடமும் சொல்லாதது இன்னொன்றும் இருந்தது. கடைசி வார்த்தையை முழுங்காதீங்க என்று அவள் கத்திய பிறகு, கொஞ்சம் இடைவெளி விட்டு, அந்த ஒற்றை வார்த்தை மட்டும் மறுபடி வந்தது. "உக்காரேன்." இந்தத் தடவை ஓரெழுத்தும் சிந்தாமல், தெளிவாக. "ஆங், இப்ப சரி" என்றுவிட்டு அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள். காலையிலிருந்து அவள் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது இதைத்தான். சாகிற மனுஷன் யாராவது திருத்தம் கேட்டுத் திருப்பிச் சொல்வானா? ஒத்திகையாகத்தான் இருக்கவேண்டும். வேறென்ன?

மூன்றேகாலுக்கு மகன் வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் அப்பா முகம். கோபம் வந்தால் அதே புருவம்.

"இந்த மாதிரித் துண்டுக் காகிதமெல்லாம் செல்லாதுன்னு திருப்பிட்டான்மா. டாக்டர்கிட்ட வந்து முறையா படிவத்துல எழுதி வாங்கி, மறுபடி போய்... இப்பத்தான் முடிஞ்சுது. நாலு மணிக்கு வண்டி வந்துடும். எல்லாம் தயாரா?"

"அந்தக் காகிதம்?"

"எது?"

"திருப்பிக் குடுத்தானே, அது!"

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்ததை எடுத்துக் கொடுத்தான். வியர்வையில் ஓரம் நனைந்திருந்தது.

அவள் அறைக்குள் போனாள். வழக்கத்துக்கு மாறாகக் கதவை அவள் சாத்திக்கொண்டாள்.

'வீட்டுக்காரர்: உக்காரவா? எதுக்கு? நின்னுக்கிட்டே / பாத்துட்டுப் போகட்டும்.
(நாற்காலி இழுக்கும் சத்தம்)
வீட்டுக்காரர்: யோவ், யோவ்! / நாற்காலியை இழுக்காதய்யா, / தரை கீறும்!
வந்தவர்: கால் வலிக்குதுங்க.
வீட்டுக்காரர்: கால் வலிச்சா / வைத்தியர் வீட்டுக்குப் போகவேண்டியதுதானே?'

'வலிச்சா'வுக்கு அடுத்த கோடு மற்றவைபோல் இல்லை. சாய்ந்து இறங்கி, மூன்று வரிகளைக் கடந்து, தாளின் ஓரம்வரை போயிருந்தது. அதற்குக் கீழே பாதிப் பக்கம் மிச்சம் இருந்தது. வந்தவர் பேசினார், மனைவி பேசினாள், வீட்டுக்காரர் கடைசிவரை யாரையும் உட்காரச் சொல்லவில்லை. அவள் மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தாள். விரலை வைத்து மூன்றாவது தடவை படித்தாள்.

இல்லை.

எழுதிக் கொடுக்க ஆள் இல்லாமலே பேசியிருக்கிறார். 'இந்தா' என்று கூப்பிட்டிருந்தால் ஓடியிருப்பாளே! எதற்கு அந்தக் குரலில் கூப்பிட்டார்? இத்தனை வருஷம் பூட்டி வைத்துவிட்டு, இன்றைக்கா அதை எடுக்கவேண்டும்? எடுத்தும், சரியில்லை என்று அவள் சொன்னதும், இன்னொரு தடவை சரியாகச் சொல்லிக் காட்டியிருக்கிறார். அவளுக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தக் காகிதத்தை வாயில் அழுத்திக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் அழுதாள். அந்த வீட்டில் அந்தக் கதவுக்குப் பின்னால் கேட்டதிலேயே மிகச் சின்ன அழுகை அதுவாகத்தான் இருக்கும்.

வெளியே வண்டி வந்து நிற்கும் ஓசை கேட்டது. கூடத்தில் எல்லோரும் எழுந்தார்கள். "அம்மா" என்று மகன் கதவைத் தட்டினான். "நேரமாச்சும்மா."

அவள் முகத்தைத் துடைத்தாள். அவருடைய மேசைக்கு முன்னால் கிடந்த மர நாற்காலியைப் பார்த்தாள். நாலு கால்களும் இரும்பாகக் கனக்கிற பழைய நாற்காலி. கதவைத் திறந்து, அதன் முதுகைப் பிடித்து இழுத்தாள். தூக்கும் பலம் அவளுக்கு இல்லை. அது தரையைக் கீறிக்கொண்டு, அலறிக்கொண்டு வந்தது. அறை வாசல் தாண்டி, கூடத்துக்குள், நின்றவர்கள் விலக விலக, வெள்ளைத் துணிவரை வந்தது. கதவு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய தலைமாட்டில், காதுக்குப் பக்கத்தில் நாற்காலியைச் சேர்த்துப் போட்டு அவள் உட்கார்ந்தாள்.

"அம்மா, வண்டிக்காரர் காத்திட்டிருக்கார்" என்றான் மகன் மெதுவாக.

"இருக்கட்டும். நான் இப்பத்தானே உக்காந்திருக்கேன்."

வெளியே எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. கதவு எழுந்தார். வாசலுக்குப் போனார். எண்ணெய் காணாத அந்தப் பழைய கதவை, கீலை ஒரு கையால் தாங்கி, தாழ்ப்பாளை இன்னொரு கையால் பிடித்து, துளிச் சத்தம் இல்லாமல் சாத்தினார்.